ஆடலை எழுதுதல்: அசைவுக் குறியீடுகளும் அவற்றைப் படிப்போரும்

இசைக்குச் சுரக்குறிப்பு இருப்பது போல ஆடலுக்கும் எழுத்து முறைகள் உண்டு என்பது, ஆடலோடு நாள்தோறும் பழகுவோரில் பலருக்கே புதிய செய்தியாக இருக்கிறது. ஐரோப்பாவில் மட்டும் கடந்த ஐந்நூறு ஆண்டுகளில் இத்தகைய முறைகள் பல தோன்றியுள்ளன. அவற்றுள் ஒன்றிரண்டு ஒரு நூற்றாண்டு காலம் நிலைத்தன, பெரும்பாலானவை உருவாக்கியவரின் மறைவோடு தாமும் மறைந்தன. இந்நிலைக்குக் காரணமாக வழக்கமாகச் சுட்டப்படுவது அசைவின் சிக்கல். பாடகரின் குரல் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தில்தான் நிற்கும். ஆடுபவரின் தலை, கழுத்து, தோள், கை, இடுப்பு, கால் ஆகிய யாவும் ஒரே கணத்தில் வெவ்வேறு திசைகளில், வெவ்வேறு விசையோடு இயங்கக்கூடியவை. அவ்வியக்கம் முப்பரிமாண வெளியில் நிகழ்கிறது, தாளோ தட்டையானது. இக்காரணம் உண்மையே என்றாலும் போதுமானதன்று. ஏனெனில், மிகத் துல்லியமான முறைகளே விரைவில் கைவிடப்பட்டதும், பாதி உடலை எழுதாமல் விட்ட முறைகள் நாடுவிட்டு நாடு பரவியதும் வரலாற்றில் நிகழ்ந்துள்ளன. ஓர் ஆடல் எழுத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் நுட்பத்தைவிட, அதைப் படிக்கத் தெரிந்தோரைத் தொடர்ந்து உருவாக்கிவரும் நிறுவனம் ஒன்று உண்டா என்பதும், ஆசிரியர் உடன் செல்ல முடியாத தொலைவுக்கு ஆடல் பயணப்பட வேண்டிய தேவை எவருக்கு இருந்தது என்பதுமே.

தொடக்ககால முயற்சிகள் அசைவை எழுதவில்லை. அசைவின் பெயரையே எழுதின. பிரஸ்ஸல்ஸ் அரச நூலகத்தில் உள்ள பதினைந்தாம் நூற்றாண்டுக் கையெழுத்துச் சுவடி ஒன்றில், கருநிறத் தாள்களின்மேல் பொன், வெள்ளி மைகளால் அக்கால அரண்மனை நடனங்கள் எழுதப்பட்டுள்ளன. ஒவ்வொரு நடனத்துக்கும் மேலே மெட்டும், அதன் கீழே வணக்கத்துக்கு ஓர் எழுத்து, ஒற்றை அடிக்கு ஓர் எழுத்து, இரட்டை அடிக்கு ஓர் எழுத்து என முதலெழுத்துகளின் வரிசையும் காணப்படும். 1589இல் பிரான்சின் லாங்கர் நகரில் வெளியான ‘ஓர்கெசோகிராஃபி’ என்னும் நூல் இதிலிருந்து ஒரு படி முன்னேறியது. ஜெஹான் தாபூரோ என்ற பாதிரியார் தம் பெயரின் எழுத்துகளை இடம் மாற்றி, துவானோ ஆர்போ என்ற புனைபெயரில், ஆசிரியருக்கும் மாணவருக்குமான உரையாடலாக எழுதிய அந்நூலில் மெட்டு பக்கத்தின் மேலிருந்து கீழாக அச்சிடப்பட்டு, ஒவ்வொரு சுரத்துக்கும் நேரே அந்தக் கணத்தில் எடுத்துவைக்க வேண்டிய அடியின் பெயர் தரப்பட்டது. எந்தச் சுரத்தில் எந்த அடி என்ற ஐயம் இதனால் நீங்கியது.

பரதநாட்டிய மாணவர்கள் வைத்திருக்கும் குறிப்பேடுகளும் இவ்வகையைச் சேர்ந்தவையே. அவற்றில் சொற்கட்டு எழுதப்பட்டு, ஆவர்த்தனம் கோடிட்டுப் பிரிக்கப்பட்டு, கார்வைக்குக் காற்புள்ளியும் அரைப்புள்ளியும் இடப்பட்டு, அடியில் அடவின் பெயரும் சில வேளைகளில் குச்சி மனிதனின் உருவமும் இருக்கும். எழுதியவருக்கும் அதே நட்டுவனாரிடம் பயின்ற மற்றவருக்கும் அது போதும். அடவை முன்னரே உடலில் கொண்டிராதவருக்கோ அந்தப் பக்கம் எதையும் கற்பிக்காது. பெயரை எழுதும் முறைகள் யாவற்றுக்கும் உள்ள எல்லை இது: பெயருக்கும் அசைவுக்கும் இடையிலான உறவை அறிந்த தலைமுறை மறைந்தால் ஏடு எஞ்சும், ஆடல் எஞ்சாது.

பெயரை விடுத்து அசைவையே வரைய முற்பட்ட முதல் பெருமுயற்சி பதினான்காம் லூயியின் அவையில் தோன்றியது. தாமே தேர்ந்த ஆடற்கலைஞராயிருந்த அம்மன்னர் 1661இல் ஆடலுக்கென அரச கழகம் ஒன்றை நிறுவினார். ஆடலைத் தாளில் புரியவைக்கும் வழி காணுமாறு தம் ஆடலாசிரியர் பியேர் பொஷாமைப் பணித்தார். ஆனால் 1700இல் ‘கோரெகிராஃபி’ என்ற நூலாக அம்முறையை அச்சேற்றியவர் ரவுல்-ஓஜே ஃபியூயே. பொஷாம் பின்னர் முறையிட்டும் அச்சுரிமை ஃபியூயேயிடமே நின்றது. இம்முறையில் தாளே ஆடலரங்கம். பக்கத்தின் மேல்விளிம்பு அரசர் வீற்றிருக்கும் திசை. ஆடுபவர் தரையில் செல்லும் பாதை ஒரு கோடாக ஓடும். அக்கோட்டைக் குறுக்கே வெட்டும் சிறு கீற்றுகள், பக்கத்தின் தலைப்பில் அச்சிடப்பட்ட மெட்டின் தாளப் பிரிவுகளைக் குறிக்கும். பாதையின் இருமருங்கும் வலக்கால், இடக்கால் அடிகளின் குறிகள் கிளைக்கும். ஒவ்வொரு குறியும் கால் புறப்படும் இடத்தில் ஒரு கரும்புள்ளியோடு தொடங்கும். அக்குறியின்மேல் ஒரு சாய்கீற்று இருந்தால் முழங்கால் மடக்கம், ஒரு நேர்கீற்று இருந்தால் உடலை உயர்த்துதல், இரண்டு நேர்கீற்றுகள் இருந்தால் துள்ளல். ஆடுபவர் திரும்பும்போது ஏடும் உடன் திரும்பிவிட்டால் திசை குழம்பும் என்பதால், உடல் எந்தப் பக்கம் சுழன்றாலும் பக்கத்தின் தலைப்பு அரங்கின் முன்புறத்தையே நோக்கும்படி ஏட்டைக் கைக்குக் கை எவ்வாறு மாற்றிப் பிடிக்க வேண்டும் என்றுகூட ஃபியூயே விளக்கியிருக்கிறார். அம்முறையைப் படித்தவர்கள் உட்கார்ந்து படிக்கவில்லை, ஏடும் கையுமாக நடந்தே படித்தார்கள் என்பது இதனால் தெரிகிறது.

கைகளைப் பற்றி இம்முறை சொல்வது சொற்பம். உடற்பகுதியைப் பற்றியும் முகத்தைப் பற்றியும் ஏறத்தாழ ஒன்றுமில்லை. இதைக் குறைபாடென்று கருதுவதற்கு முன் அம்முறை யாருக்காக உருவானது என்பதை நோக்க வேண்டும். அரண்மனை நடனத்தில் உடல் நிமிர்ந்து நிற்பதும் கைகள் அடிக்கு எதிரிணையாக அசைவதும் எல்லாருக்கும் தெரிந்த மரபுகள். ஆண்டுக்கு ஆண்டு மாறியது பாதையும் அடிவரிசையுமே. ஆகவே, மாறுவது எழுதப்பட்டது, மாறாதது விடப்பட்டது. பாரிஸில் ஆண்டுதோறும் புதிய நடனங்களின் தொகுப்பு அச்சாகி வெளிமாநில ஆசிரியர்களைச் சென்றடைந்தது. 1706இல் ஜான் வீவர் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். தலைநகரின் நாகரிகம் குலையாமல் விளிம்புவரை பரவ வேண்டும் என்ற அரசவையின் தேவைக்கு இந்த எழுத்து கச்சிதமாகப் பொருந்தியது. முந்நூறுக்கும் மேற்பட்ட நடனங்கள் இவ்வாறு எழுதப்பட்டு இன்றும் கிடைக்கின்றன. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் கதையையும் உணர்ச்சியையும் மையமாகக் கொண்ட மேடை நடனம் தலையெடுத்தபோது, 1760இல் வெளியான தம் கடிதங்களில் பிரெஞ்சு ஆடலமைப்பாளர் நோவேர் இம்முறையைக் கடிந்தார். நடிப்பும் உடலின் வெளிப்பாடுமே ஆடலின் உயிர் என்று கருதியவருக்குப் பாதையும் அடியும் மட்டும் கொண்ட ஏடு பயன்படாததில் வியப்பில்லை. நூற்றாண்டு முடிவதற்குள் இம்முறை வழக்கொழிந்தது. முறையிலுள்ள பிழை அதை அழிக்கவில்லை. அது எழுதுவதற்கென உருவான ஆடல் மாறிவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேன்-லியோன் 1852இலும் ஸோர்ன் 1887இலும் குச்சி உருவங்களைக் கொண்ட முறைகளை வெளியிட்டனர். இவற்றைக் கடந்துசென்று ரஷ்யாவைக் காணலாம். புனித பீட்டர்ஸ்பர்க் அரச நாடகக்குழுவின் ஆடற்கலைஞர் விளாதிமிர் ஸ்டெபானோவ் உடற்கூற்றியல் கற்று, ஒவ்வொரு மூட்டின் மடக்கம், நீட்டம், சுழற்சி ஆகியவற்றை மேனாட்டு இசையின் சுரக்குறிகளைக் கொண்டே எழுதும் முறையை வகுத்து 1892இல் பாரிஸில் வெளியிட்டார். இதில் சுரக்குறியின் வடிவம் கால அளவைக் காட்டும். அது நிற்கும் கோட்டுத்தொகுதி எந்த உறுப்பு என்பதைக் காட்டும். அவர் 1896இலேயே இளம் வயதில் இறந்தார். ஆயினும் அரச ஆடற்பள்ளி அம்முறையைப் பாடமாக ஏற்றுக்கொண்டிருந்தது. முதலில் அலெக்சாண்டர் கோர்ஸ்கியும், அவர் மாஸ்கோவுக்குச் சென்றபின் நிக்கொலாய் செர்கேயெவும் அப்பணியைத் தொடர்ந்தார்கள். மாரியுஸ் பெட்டிபா அமைத்த பாலே நாடகங்கள் பெரும்பாலும் இவ்வாறு ஏட்டில் ஏறின.

புரட்சிக்குப் பின் செர்கேயெவ் ரஷ்யாவை விட்டு வெளியேறியபோது இந்த ஏடுகளும் அவரோடு வந்தன. லண்டனில் நினெட் த வல்வா நடத்திய, அப்போது பாரம்பரியம் எதுவும் இல்லாத இளம் குழு, 1934இல் ‘ஜிசெல்’, ‘நட்கிராக்கர்’, ‘ஸ்வான் லேக்’ ஆகியவற்றையும் 1939இல் ‘ஸ்லீப்பிங் பிரின்சஸ்’ஸையும் இந்த ஏடுகளின் துணையோடுதான் மேடையேற்றியது, பிற்காலத்தில் ராயல் பாலே என்று பெயர்பெற்ற அக்குழுவின் செவ்வியல் தொகுதிக்கு அடிப்படை அவையே. 1969இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் நாடகச் சேகரிப்பை அடைந்த அவ்வேடுகளைக் கொண்டு செர்கேய் விகாரெவ் 1999இலும் அலெக்ஸெய் ரட்மான்ஸ்கி 2015இலும் ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யை மீட்டுருவாக்கம் செய்தனர். நாட்டையும் காலத்தையும் கடந்த இப்பயணத்தில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு: அவ்வேடுகளின் பல பக்கங்களில் கால்களின் வரிகள் நிரம்பியும் கைகளின் வரிகள் வெறுமையாகவும் உள்ளன. எழுதியவர்கள் ஒத்திகைக் கூடத்தில் அவசரத்தில் எழுதினார்கள். கைகள் எப்படி அசையும் என்பது தங்கள் பள்ளியில் பயின்ற எவருக்கும் தெரியும் என்று எண்ணினார்கள். நூறாண்டு கழிந்து அப்பள்ளியின் கையசைவு மாறியபின், அந்த வெற்றிடத்தைப் பழைய ஒளிப்படங்களிலிருந்தும் ஊகத்திலிருந்தும் நிரப்ப வேண்டியதாயிற்று. மீட்டுருவாக்கம் என்ற சொல்லை இங்கே சற்று அடக்கமாகவே ஆள வேண்டும்.

இதே முறையைத் தழுவி எழுதப்பட்ட இன்னொரு ஏடு, நினைவுக்கும் எழுத்துக்கும் உள்ள பிணக்கைக் காட்டுகிறது. வாஸ்லாவ் நிஜின்ஸ்கி முதல் உலகப்போரில் புடாபெஸ்டில் காவலில் வைக்கப்பட்டிருந்தபோது, 1915இல், தாம் மூன்றாண்டுகளுக்கு முன் அமைத்திருந்த ‘ஃபான்’ நடனத்தை முழுமையாக எழுதினார். ஸ்டெபானோவின் முறையை அவர் தம் விருப்பப்படி மாற்றியிருந்ததால் அதைப் படிக்கக்கூடியவர் உலகில் அவர் ஒருவரே. பின்னர் அவருடைய மனநலமும் குன்றியது. ஏடு லண்டனின் பிரிட்டிஷ் நூலகத்தில் கிடக்க, அந்நடனம் ஆடியவர்களின் நினைவைக் கொண்டே பல பத்தாண்டுகள் மேடையில் வாழ்ந்தது. அன் ஹட்சின்சன் கெஸ்டும் கிளௌதியா எஷ்கேயும் அக்குறிகளை அவிழ்த்து 1991இல் வெளியிட்டபோது, மேடையில் வாழ்ந்துவந்த வடிவமும் ஏட்டிலுள்ள வடிவமும் பல இடங்களில் வேறுபட்டிருப்பது தெரியவந்தது. தன்னந்தனியாக எழுதப்பட்டு எவருக்கும் கற்பிக்கப்படாத எழுத்து எவ்வளவு நிறைவானதாயினும் பூட்டிய பெட்டி போன்றதே.

இருபதாம் நூற்றாண்டில் மிகவும் பரவிய முறை ரூடால்ஃப் லாபானுடையது. 1879இல் அன்றைய ஹங்கேரியின் போஜோனியில் (இன்றைய பிராட்டிஸ்லாவா) பிறந்த லாபான், தம் மாணவர்களோடு பல ஆண்டுகள் திருத்திய முறையை 1928இல் எசன் நகரில் நடந்த ஆடற்கலைஞர் மாநாட்டில் முன்வைத்தார். பாலே போன்ற ஒரு குறிப்பிட்ட நடனத்தின் சொற்களை அடிப்படையாகக் கொள்ளாமல், எந்த மனித அசைவையும் எழுதக்கூடிய பொது முறையாக அது வகுக்கப்பட்டது.

அதன் அமைப்பு வருமாறு. மூன்று செங்குத்துக் கோடுகள் கீழிருந்து மேலாக ஓடும். படிப்பதும் கீழிருந்து மேலே. நடுக்கோடு உடலின் நடுவச்சு. அதன் வலப்பக்கத்தில் எழுதப்படுவது உடலின் வலப்பக்கத்துக்கும், இடப்பக்கத்தில் எழுதப்படுவது இடப்பக்கத்துக்கும் உரியது. நடுக்கோட்டை ஒட்டிய பத்தியில் உடலின் எடையைத் தாங்கும் காலும், அடுத்த பத்தியில் எடையின்றி வெளியில் அசையும் காலும், வெளிக்கோட்டுக்கு அப்பால் உடற்பகுதியும் கையும், வலக்கோடியில் தலையும் எழுதப்படும். குறியின் வடிவம் திசையைச் சொல்லும்: வெறும் செவ்வகம் நிற்குமிடம், அதன் ஒரு மூலையோ விளிம்போ வெட்டப்பட்ட வடிவங்கள் முன், பின், பக்கம், மூலைத்திசைகள். குறிக்குள் கருமை நிரம்பியிருந்தால் தாழ்நிலை, ஒரு புள்ளி இருந்தால் இடைநிலை, சாய்கோடுகள் இருந்தால் உயர்நிலை. நிற்குமிடத்தோடு சேர்த்து ஒன்பது திசைகளும் மூன்று நிலைகளும் பெருகி இருபத்தேழு முதன்மைக் குறிகளாகின்றன. காலத்தைக் காட்டக் கூடுதல் அடையாளம் எதுவும் தேவையில்லை. குறி எவ்வளவு நீளமோ அசைவும் அவ்வளவு நேரம். ஒரே குறி இவ்வாறு எந்த உறுப்பு, எத்திசை, எந்நிலை, எவ்வளவு நேரம் என்ற நான்கு வினாக்களுக்கும் ஒருசேர விடை தருகிறது. லாபானுடைய முறையின் அழகு இதில் உள்ளது.

புதிதாகக் கற்பவரை இம்முறையில் தடுமாறச் செய்வது குறிகளைவிடக் குறியற்ற இடம். எடை தாங்கும் பத்திகள் இரண்டும் வெறுமையாக இருந்தால் ஆடுபவர் அசையாமல் நிற்கிறார் என்றே எவரும் நினைப்பர். ஆனால் எந்தக் காலும் எடையைத் தாங்கவில்லை என்பதே அதன் பொருள், அதாவது உடல் அந்தரத்தில் இருக்கிறது. நிற்பதைக் காட்டத்தான் சிறு வட்டம் ஒன்றை இட வேண்டும். வெறுமையே துள்ளலாகவும் நிலைத்தல் ஒரு செயலாகவும் எழுதப்படும் இந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொள்ளும் மாணவர், நிற்கும்போதும் தசைகள் வேலை செய்கின்றன என்பதைத் தம் உடலிலேயே உணரத் தொடங்குகிறார்.

இம்முறையின் வரலாற்றில் மறைக்கக்கூடாத ஒரு பகுதியும் உண்டு. 1936இல் பெர்லின் ஒலிம்பிக் போட்டியையொட்டி லாபான் அமைத்த பெருந்திரள் ஆடலுக்கு, ஜெர்மனியின் பல நகரங்களைச் சேர்ந்த சுமார் ஆயிரம் பேர் தத்தம் ஊரில் ஏட்டைக் கொண்டு பயின்று, பின்னர் பெர்லினில் ஒன்றுகூடினர். எழுத்தின் ஆற்றலுக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஒரே கட்டளைக்கு ஆயிரம் உடல்கள் பணிவதை விரும்பிய ஆட்சியின்கீழ் அது நிகழ்ந்ததையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஒத்திகையைக் கண்ட நாஜிப் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் அதைத் தடைசெய்தார். ஆட்சியின் தயவை இழந்த லாபான் நாட்டை விட்டு வெளியேறி 1938இல் இங்கிலாந்தை அடைந்தார். அங்கே எஃப். சி. லாரன்ஸ் என்ற மேலாண்மை வல்லுநரோடு சேர்ந்து தொழிற்சாலை ஊழியர்களின் அசைவுகளை ஆராய்ந்து 1947இல் நூல் ஒன்றை வெளியிட்டார். அரசவை, அரச நாடகக்குழு, சர்வாதிகாரம், தொழிற்சாலை என்று அசைவெழுத்தை நாடிய இடங்கள் யாவும் பல உடல்களை ஒரே ஒழுங்கில் இயக்க வேண்டிய இடங்களாக இருப்பது தற்செயலன்று.

அதே எழுத்து கலைஞரின் உரிமைக்கும் கருவியாயிற்று. 1940இல் நியூயார்க்கில் அன் ஹட்சின்சன் உள்ளிட்ட நான்கு பெண்கள் தொடங்கிய ஆடற்குறியீட்டு மையம் நவீன நடனங்களை எழுதிச் சேமிக்கலாயிற்று. ‘கிஸ் மீ, கேட்’ இசை நாடகத்துக்கு ஹான்யா ஹோல்ம் அமைத்த நடனங்கள் இம்முறையில் எழுதப்பட்டு 1952இல் பதிப்புரிமைப் பதிவு பெற்றன. கதை, பாடல் ஆகியவற்றின் துணையின்றி ஆடல் அமைப்பே ஒரு படைப்பாக அமெரிக்காவில் ஏற்கப்பட்டதற்கு அது முன்மாதிரி. ஏடு உள்ளவருக்கே உடைமை என்ற நிலை ஏடு எழுதுபவருக்கு வேலை தந்தது. எழுத்து முறை நிலைபெற இதைவிட உறுதியான காரணம் வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் பாலே குழுக்கள் வேறொரு முறையைத் தேர்ந்தன. சாட்லர்ஸ் வெல்ஸ் குழுவில் ஆடிய ஜோன் பெனெஷும் அவருடைய கணவர் ரூடால்ஃப் பெனெஷும் 1955இல் அறிமுகப்படுத்திய முறை, இசையின் ஐந்து கோடுகளையே எடுத்துக்கொண்டு அவற்றை உச்சந்தலை, தோள், இடுப்பு, முழங்கால், தரை என்று உடலின் ஐந்து உயரங்களாக்கியது. ஆடுபவரைப் பின்னாலிருந்து நோக்குவதுபோல் கை, கால் நுனிகள் இருக்குமிடம் குறிக்கப்படும்: உடலின் தளத்திலேயே இருந்தால் கிடைக்கீற்று, முன்னே இருந்தால் செங்குத்துக் கீற்று, பின்னே இருந்தால் புள்ளி. மாறாதது மீண்டும் எழுதப்படாது. இடமிருந்து வலமாக இசையோடு இணைந்தே ஓடுவதால் பியானோ வாசிப்பவரும் ஆடலைப் பயிற்றுவிப்பவரும் ஒரே பக்கத்தை நோக்க முடிகிறது. லாபானின் முறை அசைவை எழுதுகிறது, பெனெஷின் முறை அசைவு சென்றடையும் நிலையை எழுதி இடைவழியைக் கோட்டால் காட்டுகிறது என்று பொதுவாகச் சொல்லலாம். இது முழு உண்மையன்று, ஆனால் கற்பவருக்கு உதவும். 1962இல் இம்முறைக்கென ஒரு கல்விக்கூடம் நிறுவப்பட்டதும், ராயல் பாலே அதில் பயின்றவர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தியதுமே இதை வாழவைத்தன. இஸ்ரேலில் நோவா எஷ்கோலும் அவ்ரஹாம் வாக்மனும் 1958இல் வெளியிட்ட முறை, ஒவ்வொரு உறுப்பையும் தன் மூட்டை மையமாகக் கொண்டு கோளத்தின்மேல் நகரும் அச்சாகக் கருதி எண்களால் எழுதியது. ஆடலரங்கைவிட விலங்குகளின் நடத்தையையும் குழந்தைகளின் அசைவையும் ஆராய்வோரிடம் அது கூடுதலாகப் பயன்பட்டது. வேலரி சட்டன் 1970களில் ஆடலுக்கென வரைந்த முறை கிளைவிட்டுச் செவித்திறனற்றோரின் சைகைமொழிக்கு எழுத்தாகி, 2015இல் யூனிகோடிலும் இடம்பெற்றது. பேசுவோர் கூட்டம் ஒன்று தயாராக இருந்த இடத்தில் எழுத்து வேரூன்றியது. ஆடல் வடிவம் பின்தங்கியது.

இவற்றைக் கற்பது என்பது குறிகளை மனப்பாடம் செய்வதன்று; அது சில நாள்களில் முடிந்துவிடும். கடினமானது பார்வையைப் பழக்குவது. பயிற்சி வழக்கமாக வாசிப்பில் தொடங்குகிறது: மாணவர் ஒரு கையில் ஏட்டைப் பிடித்து, ஒரு தாளப் பிரிவை எடுத்துக்கொண்டு, முதலில் எடை எந்தக் காலில் என்பதை மட்டும் நடந்து பார்க்கிறார், அடுத்து திசை, பிறகு கால அளவு, கைகள் கடைசியில். எழுதுவது அதற்குப் பிந்திய கட்டம். ஒத்திகையில் அமர்ந்து எழுதும் தொழில்முறைக் குறியீட்டாளர் எல்லாவற்றையும் எழுத முடியாது. எது அமைப்பு, எது அந்த ஆடுபவரின் தனிப்பழக்கம், எது அன்றைய தடுமாற்றம் என்பதை அவர் கணந்தோறும் தீர்மானித்தாக வேண்டும். கை தோளுக்குச் சற்று மேலே நின்றது வேண்டுமென்றா, களைப்பினாலா? ஆடலமைப்பாளரிடம் கேட்டால் அவரே அதுவரை அதை எண்ணியிருக்க மாட்டார். இவ்வாறு எழுத்து, ஆடலில் முன்பு இல்லாத ஒரு வரையறையை ஆடலின்மேல் ஏற்றவும் செய்கிறது என்ற குற்றச்சாட்டில் நியாயம் உண்டு.

காணொளி வந்தபின் இதெல்லாம் எதற்கு என்ற வினாவுக்கு விடையும் இங்கேயே இருக்கிறது. படப்பதிவு ஒரு நாள் ஒருவர் ஆடியதைக் காட்டுகிறது. அவருடைய பிழையையும் சேர்த்தே காட்டுகிறது. அதைப் பார்த்துக் கற்கும் அடுத்த தலைமுறை பிழையை மரபாகப் பெறுகிறது. முன்னால் நிற்பவர் பின்னால் நிற்பவரை மறைக்கிறார்; எடை எந்தக் காலில் என்பது உடையின் மடிப்பில் ஒளிந்துகொள்கிறது. ஏடு ஆடப்பட வேண்டியதைச் சொல்கிறது, படம் ஆடப்பட்டதைச் சொல்கிறது. ஆனால் படம் எடுக்கச் செலவு குறைவு. ஏடு எழுதப் பயின்ற ஆளும் நீண்ட உழைப்பும் வேண்டும். ஆகவே படம் வென்றது. செல்வமுள்ள சில குழுக்களே இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்கின்றன.

தமிழகத்தின் ஆடல் மரபு இவ்விரு வழிகளையும் நாடாமல் வேறு வகையில் தன்னைக் காத்துக்கொண்டது. நாட்டிய சாத்திரம் விவரிக்கும் நூற்றெட்டுக் கரணங்கள் சொற்களாலான வரையறைகள். தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைக்கு மேலுள்ள சுற்றில் எண்பத்தொரு கரணங்கள் செதுக்கப்பட்டு, எஞ்சிய இருபத்தேழுக்கான கற்கள் வெறுமையாக விடப்பட்டுள்ளன. சிதம்பரம் கோபுரங்களிலோ சிற்பங்களோடு அந்நூலின் வரையறைச் சுலோகங்களும் பொறிக்கப்பட்டுள்ளன. கரணம் என்பது கையும் காலும் இணைந்து இயங்கும் ஓர் அசைவு அலகு. கல்லில் அதன் ஒரு கணத்தை மட்டுமே நிறுத்த முடியும். அந்தக் கணம் தொடக்கமா, நடுவா, முடிவா என்பதைச் சிற்பியே தேர்ந்தார். சொல்லும் உருவமும் அருகருகே இருந்தும் ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்குச் செல்லும் வழி எழுதப்படாததால், பத்மா சுப்ரமணியம் போன்ற ஆடற்கலைஞர்கள் கரணங்களை அசைவுகளாக மீட்டபோது அந்த இடைவழியை ஆராய்ச்சியாலும் தம் உடலாலும் கண்டறிய வேண்டியிருந்தது.

அடவை எழுதிப் பார்த்தால் என்ன நேரும் என்பதற்கு நாட்டடவு ஓர் எளிய சோதனை. லாபானின் முறையில் அரைமண்டியை (முழங்கால்களை மடக்கிப் பாதி அமர்ந்த நிலையை) எழுத, எடை தாங்கும் பத்திகள் இரண்டிலும் கருமை நிரம்பிய செவ்வகங்களும், கால்கள் வெளிப்புறம் திரும்பியிருப்பதற்கான குறியும் இட வேண்டும். அடுத்து வலக்கால் பக்கவாட்டில் நீண்டு குதிகால் தரையில் படிகிறது. எழுதுபவர் இங்கே ஒரு முடிவெடுத்தாக வேண்டும்: இது எடை தாங்கும் பத்தியிலா, எடையின்றி அசையும் பத்தியிலா? குதிகால் தரையைத் தொட்டாலும் உடலின் எடை மடங்கிய இடக்காலிலேயே நிற்பதால் இரண்டாவதுதான் சரி. தொடுதலைக் காட்டக் குதிகாலுக்குரிய சிறு கொக்கி ஒன்று அக்குறியோடு இணைக்கப்படும். தொடக்கநிலை மாணவர்கள் இந்த இடத்தில்தான் எடையை நீட்டிய காலுக்கு மாற்றி அரைமண்டியைக் குலைக்கிறார்கள். ‘உட்கார்ந்து ஆடு’ என்று ஆசிரியர் திரும்பத் திரும்பச் சொல்வதன் பொருளை இரண்டு பத்திகளுக்கு இடையிலுள்ள கோடு காட்டிவிடுகிறது. மூன்று காலங்களும் அவ்வாறே: அதே குறிகள் இரண்டாம் காலத்தில் பாதி நீளமும் மூன்றாம் காலத்தில் கால் நீளமும் ஆகும், எந்தக் காலத்தில் எந்த அசைவு சுருக்கப்படுகிறது, எது விழுங்கப்படுகிறது என்பது தாளிலேயே வெளிப்படும். ஒரே பெயருள்ள அடவு பந்தநல்லூர், வழுவூர், கலாக்ஷேத்ரா பாணிகளில் எங்கே பிரிகிறது என்பதையும் இவ்வாறு வாதத்துக்கு இடமின்றிக் காட்டலாம்.

அபிநயத்தில் இந்த எழுத்து தயங்குகிறது. கை முத்திரைகளுக்குக் குறி வகுப்பது இயலும்; கேரளத்தில் ஜி. வேணு கதகளி, கூடியாட்டம் ஆகியவற்றின் முத்திரைகளுக்கெனத் தனிக் குறியீட்டையே உருவாக்கி நூல்களாகத் தந்திருக்கிறார். ஆனால் ஒரே பதவரிக்குச் சஞ்சாரியாக ஆடுபவர் அன்றைய மேடையில் என்ன விரிப்பார் என்பது அவருடைய உரிமை. அதை எழுதி நிலைப்படுத்தினால் அக்கலை தன் இயல்பிலிருந்து விலகும். கர்நாடக இசை இதே சிக்கலை முன்பே சந்தித்தது. சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’யில் கமகங்களுக்கெனத் தனிக் குறிகளை வகுத்தார், கீர்த்தனையின் கட்டுக்கோப்பு எழுதப்பட்டது, மனோதர்மம் எழுதப்படவில்லை. ஆடலிலும் அடவு, ஜதி, தீர்மானம் ஆகியவற்றை எழுதிச் சஞ்சாரியை எழுதாமல் விடும் முறையே பொருந்தும்.

அத்தகைய ஏட்டை நாடச் செய்யும் தேவை சட்டத்தின் பக்கமிருந்து வரக்கூடும். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் ஆடலமைப்பை நாடகப் படைப்பில் அடக்குகிறது. அதன் வடிவம் எழுத்திலோ வேறு வகையிலோ நிலைப்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. அதே வரையறையில் திரைப்படத்தை நாடகப் படைப்பினின்று விலக்கியும் வைக்கிறது. மேடையில் ஆடியதைப் படம்பிடித்து வைத்திருப்பது மட்டும் வர்ணம் ஒன்றின் அமைப்பை நிலைப்படுத்தியதாகுமா என்ற வாதத்துக்கு அவ்வரையறை இடம் தருகிறது. சொற்கட்டும் அடவின் பெயரும் மட்டுமுள்ள குறிப்பேடு இத்தகைய வழக்கில் எவ்வளவு தூரம் செல்லும் என்பது, அதைப் படித்து ஆடிக்காட்டக்கூடிய ஒருவரை, எழுதியவரின் பள்ளிக்கு வெளியே, கண்டுபிடிக்க முடியுமா என்பதைப் பொறுத்தது.